போன கரண்ட் திரும்பி வருகிறது என்றால் பில் எதற்கு?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் வீட்டில் வைத்து இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் மின்னோட்டவியல் பாடம் வந்தது. மின்சுற்று என்றால் ஒரு வளையம், ஒரு கம்பியில் போவது இன்னொரு கம்பியில் திரும்பி வந்தாக வேண்டும், போனதும் வந்ததும் இம்மி பிசகாமல் சமமாக இருக்கும் என்று படம் போட்டு முடித்தேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"சார், எவ்வளவு போச்சோ அவ்வளவும் திரும்ப ஈபிக்கே போயிடுதுன்னா, நாம எதுக்கு சார் காசு கட்டுறோம்?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்காமல் விட்டதுதான் ஆச்சரியம். இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப்போனால், மின்சாரத்தைப் பற்றி நாம் அன்றாடம் பேசுவதில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கும். அதைத்தான் இங்கே செய்து பார்க்கிறேன்.

ஒரு சொல், நாலு வேலை

குழப்பம் "கரண்ட்" என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. "கரண்ட் போச்சு" என்றால் சப்ளை நின்றுவிட்டது. "கரண்ட் கம்மியா வருது" என்றால் வோல்டேஜ் குறைவு. "ஏசி போட்டா கரண்ட் எகிறும்" என்றால் யூனிட் கூடும். "கரண்ட் அடிச்சிடுச்சு" என்றால் உடம்பு வழியாக மின்னோட்டம் பாய்ந்துவிட்டது. இந்த நாலில் கடைசி ஒன்றுதான் பாடப்புத்தகம் சொல்லும் கரண்ட். மற்ற மூன்றும் வேறு வேறு சரக்கு. பால், தயிர், மோர், நெய் நாலையும் "பால்" என்றே எழுதிக் கடைக்கு ஆள் அனுப்பினால் என்ன வந்து சேருமோ, அதுதான் மின்சாரப் பேச்சில் நடக்கிறது.

சைக்கிள் செயினைப் பாருங்கள்

செம்புக் கம்பி வெறும் குழாய் போன்றது, சுவிட்சைப் போட்டதும் அதற்குள் மின்சாரம் புகுந்து ஓடிவருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கம்பி எப்போதுமே நிரம்பித்தான் இருக்கிறது. செம்பின் ஒவ்வோர் அணுவிலும் ஏறக்குறைய ஓர் எலக்ட்ரான் கட்டுத்தளர்ந்து திரிகிறது. எலக்ட்ரான் என்பது மின்னூட்டம் சுமக்கும் மிகச் சிறிய துகள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் அவை அங்கேதான் இருக்கின்றன, ஒரே திசையில் நகராமல்.

சைக்கிள் செயினும் இப்படித்தான். பெடலை மிதித்த கணமே பின்சக்கரம் சுழல்கிறது. முன்பல்லில் இருக்கும் கண்ணி பின்பல்லுக்கு வந்து சேரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, ஏனென்றால் செயின் முழுக்கக் கண்ணிகள் இருக்கின்றன. ஒன்றை இழுத்தால் எல்லாம் நகரும். நகர்ந்த கண்ணி சுற்றிக்கொண்டு திரும்பி வரும். நூறு கிலோமீட்டர் மிதித்தாலும் கண்ணிகளின் எண்ணிக்கை குறையாது. செயின் ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் நிற்கும். சுவிட்ச் செய்வது அதைத்தான்: கம்பிவளையத்தை ஓரிடத்தில் அறுத்து, பிறகு ஒட்டுகிறது.

இப்படி எலக்ட்ரான்கள் நகர்வதுதான் மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். கம்பியின் ஓரிடத்தில் உட்கார்ந்து எண்ணினால், ஒரு நொடிக்கு 6-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட அளவுக்கு எலக்ட்ரான்கள் கடந்துபோவது ஏறக்குறைய ஓர் ஆம்பியர்.

வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வீட்டில் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், பேட்டரியிலிருந்து ஓர் ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம் ஒரு சாணுக்கும் குறைவு. நத்தை எவ்வளவோ மேல். ஆனாலும் விளக்கு உடனே எரிகிறது. "நகரு" என்ற தள்ளல், கம்பியைச் சுற்றியுள்ள மின்புலத்தின் வழியாக ஒளியின் வேகத்துக்குக் கிட்டத்தட்டப் பரவிவிடுகிறது.

மேட்டூரில் என்ன செலவாகிறது?

சரி, கண்ணி குறையவில்லை. பிறகு எதுதான் குறைகிறது?

எங்கள் பக்கம் காவிரிப் பாசனம். மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று கேட்டால்தான் இங்கே நாற்றங்காலைப் பற்றிப் பேச்சே எழும். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி அணையின் மின்நிலையத்துக்குள் புகுந்து, டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வருகிறது. உள்ளே போனது எவ்வளவோ, வெளியே வந்ததும் அவ்வளவு. மின்சாரம் எடுத்துவிட்டார்கள் என்பதற்காக ஒரு குடம் தண்ணீர்கூட நமக்குக் குறைவதில்லை. குறைந்தது உயரம்தான். நீர்மட்டம் 120 அடியை எட்டினால் அணை நிரம்பிவிட்டது என்கிறோம். அந்த உயரத்திலிருந்து இறங்கியதுதான் டர்பைனைச் சுழற்றிய விசை. அதே தண்ணீரைத் தரைமட்டத்திலிருந்து விட்டால் டர்பைன் அசையாது.

மின்சாரத்தில் இந்த உயர வித்தியாசத்துக்கு மின்னழுத்த வேறுபாடு என்று பெயர். நாம் வோல்டேஜ் என்கிறோம். பிளக்கின் இரண்டு துளைகளுக்கும் நடுவே 230 வோல்ட் என்றால், ஒன்று 230 மாடி உயரத்தில் இருக்கிறது, மற்றது தரையில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். வித்தியாசம் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "இந்தக் கம்பியில் எத்தனை வோல்ட்?" என்ற கேள்வி, "இந்த மாடி எவ்வளவு உயரம்?" என்பது போல, எதிலிருந்து என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

தண்ணீர் உவமைக்கு ஓர் எல்லை உண்டு. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் எதுவும் சிந்தாது, ஓட்டம் நின்றுவிடும். பிளக் துளையிலிருந்து மின்சாரம் ஒழுகும் என்று பயந்து அதற்கு மூடி போட்டு வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். குழந்தை விரலை விடும் என்பதற்காக மூடினால் சரி.

கம்பி கொடுக்கும் எதிர்ப்பு

அகலமான குழாயில் தண்ணீர் தாராளமாக இறங்கும், ஒல்லிக் குழாயில் முக்கி முனகித்தான் வரும். கம்பியிலும் எலக்ட்ரான்கள் அணுக்களோடு மோதி மோதித்தான் நகர்கின்றன. இந்த இடைஞ்சலின் அளவு மின்தடை. அலகு ஓம். வோல்டேஜை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 1827-ல் ஜெர்மானிய ஆசிரியர் கியோர்க் ஓம் எழுதிவைத்த கணக்கு, இன்றும் எலக்ட்ரீஷியன்களுக்குச் சோறு போடுகிறது.

வீட்டு இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் சுருளின் தடை ஏறக்குறைய 53 ஓம். 230-ஐ 53-ஆல் வகுத்தால் நாலே கால் ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஈபி நமக்குத் தருவது வோல்டேஜ் மட்டும்தான். எத்தனை ஆம்பியர் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது நாம் செருகும் பொருள். "இந்த பிளக்கில் 15 ஆம்ப்ஸ் வருது, போன் சார்ஜரைப் போட்டா எரிஞ்சிடும்" என்று சொல்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள். 15 ஆம்ப்ஸ் என்பது அந்த பிளக் தாங்கும் உச்சவரம்பு. சார்ஜர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாக: எலக்ட்ரான்கள் நகர்வது மின்னோட்டம், ஆம்பியரில். அவற்றை நகர்த்தும் உயர வித்தியாசம் வோல்டேஜ். வழியில் வரும் இடைஞ்சல் மின்தடை, ஓமில். ஓட்டம் குறைவதில்லை, உயரம்தான் இறங்குகிறது.

மத்துக் கயிறு

இப்போது ஒரு திருத்தம். சைக்கிள் செயின் ஒரே திசையில் ஓடுகிறது. டார்ச் லைட்டில் மின்னோட்டமும் அப்படித்தான். வீட்டுக்கு வரும் மின்சாரம் அப்படி இல்லை. அது முன்னும் பின்னுமாக, நொடிக்கு 50 முறை போய்த் திரும்புகிறது. இதற்கு மாறுதிசை மின்னோட்டம் என்று பெயர். சுருக்கமாக ஏசி. குளிரூட்டும் பெட்டிக்கும் நாம் ஏசி என்றே பேர் வைத்திருக்கிறோம். ஏசிக்கு ஏசிதான் வேண்டும் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் பொழுது போகிறது.

முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தால் வேலை எப்படி நடக்கும்? என் அப்பாயி தூணில் மத்தைக் கட்டித் தயிர் கடைவார். கயிறு வலக்கைக்கு ஒரு முழம் வரும், உடனே இடக்கைக்கு ஒரு முழம் போகும். மொத்தத்தில் கயிறு எங்கேயும் போகவில்லை. கடைந்து முடித்தபின் எடுத்து மாட்டினால் அதே நீளம், அதே எடை. ஆனால் பானையில் வெண்ணெய் திரண்டிருக்கும், அப்பாயிக்குத் தோள் வலிக்கும். கயிற்றின் வழியாகப் போனது அவருடைய தோளின் உழைப்பு.

வீட்டுக் கம்பியிலும் இதே கதை. ஓர் ஆம்பியர் ஓடும் கம்பியில் எலக்ட்ரான் ஆடும் தூரம் நம் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நெய்வேலியில் கிளம்பிய எலக்ட்ரான் நம் வீட்டு டியூப்லைட்டுக்கு வருகிறது என்று எண்ணினால் அது தவறு, ஒன்றுகூட வருவதில்லை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள் உயர் அழுத்தச் சுருளும் நம் பக்கத்துச் சுருளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் இருக்கும் இரும்புக்குள் காந்தப்புலம் ஏறி இறங்குகிறது, அந்த ஏற்ற இறக்கம் மறுபக்கத்துச் சுருளில் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுதான். ராத்திரி ஊர் அடங்கியபின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போனால் ஒரு ரீங்காரம் கேட்குமே, காந்தப்புலத்தின் ஆட்டத்துக்கு அந்த இரும்பு அதிர்கிற சத்தம் அது.

கைதூக்கிய பெண்ணுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நம் வீட்டிலிருக்கும் எலக்ட்ரான்கள் ஈபியினுடையவை அல்ல, அவை கம்பியோடு சேர்த்து எலக்ட்ரிக்கல் கடையில் நாம் வாங்கியவை. ஈபி விற்பது அவற்றை ஆட்டும் உழைப்பை. கடைந்த கூலி.

மீட்டர் கண் சிமிட்டுவது

அந்த உழைப்புக்கு ஆற்றல் என்று பெயர். எவ்வளவு வேகமாக உழைப்பு நடக்கிறது என்பது திறன், அதன் அலகு வாட். வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும்: இஸ்திரிப்பெட்டிக்கு 230 பெருக்கல் 4.35, ஏறக்குறைய 1000 வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பில்லில் வருவது அதுதான். வாட் என்பது ஆள் எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறான் என்பது. யூனிட் என்பது மொத்தம் எத்தனை இட்லி உள்ளே போனது என்பது. 2000 வாட் கீசர் பகாசுரன்தான், ஆனால் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டால் கணக்கு பெரிதாக ஏறாது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிஜிட்டல் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி, ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய 75 வாட் ஃபேன் ஒன்றை மட்டும் ஓடவிட்டேன். பதினைந்து நொடிக்கு ஒருமுறை சோம்பலாகச் சிமிட்டியது. பிறகு இஸ்திரிப்பெட்டியைப் போட்டேன். நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. பாடம் நடத்தி ஒரு வாரத்தில் ஏறாதது அந்த ஐந்து நிமிடத்தில் ஏறிவிட்டது.

"சார்ஜரை பிளக்கிலேயே விட்டா பில் ஏறும்" என்பதையும் அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். போன் இல்லாமல் சும்மா செருகியிருக்கும் சார்ஜர் அரை வாட் எடுப்பதாகவே வைத்துக்கொள்வோம். 60 நாளும் கழற்றாமல் விட்டால் 0.72 யூனிட். கீசர் ஒரே ஒரு நாள் இருபது நிமிடம் போட்டால் ஆகும் செலவு. கழற்றுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அதைக் கழற்றிவிட்டு கீசரை மறந்துபோகிற ஆட்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஓர் ஆள்.

கடைமடை வீடுகள்

வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் ஏன் எட்டுவதில்லை என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லோ வோல்டேஜும் அதே வழக்குதான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நீளும் கம்பிக்கும் மின்தடை உண்டு. அந்தத் தடை போக வர ஓர் ஓம் என்றும், சாயங்காலம் எல்லோரும் எல்லாவற்றையும் போடும்போது அதில் 30 ஆம்பியர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், 30 வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். கடைசி வீட்டுக்கு மிஞ்சுவது 200. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கியபின் அதே வீட்டில் வோல்டேஜ் தானாக ஏறிவிடும்.

நீண்ட தூரத்துக்கு மின்சாரத்தை 400 கிலோவோல்ட் போன்ற பயங்கர உயரத்தில் கொண்டுபோவதும் இதனால்தான். உயரம் கூடினால் அதே வேலைக்குக் குறைந்த ஓட்டம் போதும். வழியில் வீணாவதும் குறையும்.

லோ வோல்டேஜில் என்ன ஆகும் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. இஸ்திரிப்பெட்டிக்கு 180 வோல்ட்தான் கிடைத்தால் ஆம்பியரும் குறையும், வெப்பம் ஆயிரம் வாட்டிலிருந்து 610 வாட் அளவுக்கு விழும், சட்டை சுருக்கம் போகாது, அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர், தண்ணீர் மோட்டார் போன்றவை வேறு ஜாதி. சுமையை எப்படியாவது இழுத்தாக வேண்டும் என்று அவை கூடுதல் ஆம்பியரை எடுக்கும். சுருள் சூடாகும், கடைசியில் கருகும். "கரண்ட் கம்மியா வந்து மோட்டார் எரிஞ்சிடுச்சு" என்பார்கள். வோல்டேஜ் கம்மியானதால் கரண்ட் அதிகமாகி எரிந்தது என்பதுதான் நடந்தது.

ஸ்டெபிலைசர் இதில் என்ன செய்கிறது? மின்சாரத்தை அது உற்பத்தி செய்வதில்லை. லைனிலிருந்து கூடுதல் ஆம்பியரை இழுத்து, அதை வைத்து வோல்டேஜை ஏற்றிக்கொள்கிறது. இதனால் பக்கத்து வீட்டு வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும். வாய்க்காலில் மோட்டார் வைத்து இழுக்கும் ஆளைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்று தெரியும். ஸ்டெபிலைசர்காரரை மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

சுருக்கமாக: வாட் என்பது வேலையின் வேகம், யூனிட் என்பது செய்து முடித்த மொத்த வேலை. கம்பியில் ஓட்டம் கூடினால் வழியிலேயே வோல்டேஜ் கரையும்.

ஷாக் அடிப்பது எது?

கம்பியில் உட்கார்ந்த காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டு காலும் ஒரே கம்பியில், ஒரே உயரத்தில். வித்தியாசம் இல்லாததால் அதன் உடம்பு வழியாக ஓட்டமும் இல்லை. இறக்கை விரிந்து இரண்டு கம்பியையும் தொட்டுவிட்ட பழந்தின்னி வௌவால், செத்தும் கீழே விழாமல் நாள்கணக்கில் அங்கேயே தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வித்தியாசம் கிடைத்துவிட்டது.

நாம் ஒரு கம்பியை மட்டும் தொட்டாலும் ஏன் அடிக்கிறது? வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் 230 மாடி உயரத்தில் இருப்பது ஃபேஸ், தரையில் இருப்பது நியூட்ரல். டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் நியூட்ரல் கம்பியை மண்ணில் இறக்கியிருக்கிறார்கள். ஃபேஸைத் தொட்டபடி வெறுங்காலில் தரையில் நின்றால் கை, நெஞ்சு, கால், மண் என்று வளையம் முழுமையாகிவிடும். ஈரக் கையும் ஈரத் தரையுமாக இருந்தால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அப்போது 0.23 ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதுவே போதும்.

இங்கேதான் ஆபத்தான ஒரு நம்பிக்கை இருக்கிறது: "எம்சிபி இருக்கு, ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும்." 16 ஆம்பியர் எம்சிபி கண்ணுக்கு 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. அது கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் காக்க வைத்த காவல்காரன். ஆளைக் காப்பாற்ற வைத்தது ஆர்சிசிபி என்ற வேறொரு பெட்டி. அது எத்தனை ஆம்பியர் போகிறது என்று பார்ப்பதே இல்லை. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டும் பார்க்கிறது. போனதில் 0.03 ஆம்பியர் திரும்பவில்லை என்றால், அது யாருடைய உடம்பு வழியாகவோ மண்ணுக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். ஒரு கையில் ஃபேஸ், மறுகையில் நியூட்ரல் என்று பிடித்தால் மட்டும் அதற்கும் தெரியாது. போனதும் வந்ததும் அப்போது சமமாகத்தானே இருக்கும்.

ஆர்சிசிபியின் முகத்தில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். அழுத்தினால் கொஞ்சம் மின்னோட்டத்தை வேண்டுமென்றே திரும்பும் கணக்கில் சேராமல் வேறு வழியில் விட்டு, பெட்டி விழித்திருக்கிறதா என்று சோதிக்கும். பல வீடுகளில் அதை மாட்டிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணையே அழுத்தச் சொன்னேன். டக் என்றது. ஃபேன் வேகம் குறைந்தது, அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி பாதிச் சட்னியில் நின்றது.

"என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்று உள்ளேயிருந்து என் மனைவியின் குரல்.

"போச்சு ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண், "திரும்பத்தான் வரல!"